வங்கி தரும் கடனும் குடும்பம் தாங்கும் கடனும்

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குத் தாராளமாகக் கிடைப்பது அறிவுரை. ஊரிலிருந்து வரும் பெரியப்பா செருப்பைக் கழற்றும்போதே வாடகை எவ்வளவு என்று கேட்பார். இருபத்திரண்டாயிரம் என்று பதில் வந்ததும், "அதை டியூவா கட்டினா வீடு உனக்கே சொந்தமாயிடுமேப்பா, எதுக்கு எவனுக்கோ அழுவுறே?" என்பார். சொல்வது பாசத்தில்தான். ஆனால் வாடகையும் மாதத் தவணையும் கிட்டத்தட்ட ஒரே தொகை என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். சென்னையில் இன்று அப்படி இல்லை.

மேடவாக்கம், பெரும்பாக்கம் பக்கம் 1,100 சதுர அடியில் ஒரு புதிய ஃபிளாட்டை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு படுக்கையறை, விலை 80 லட்சம் ரூபாய். கட்டி முடித்துச் சான்றிதழும் வாங்கியாகிவிட்டது, அதனால் ஜி.எஸ்.டி. கிடையாது. அதே குடியிருப்பில் அதே அளவு வீடு 22,000 ரூபாய்க்கு வாடகைக்குக் கிடைக்கிறது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடன்களுக்கு வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் வங்கி தரக்கூடாது. ஆக, கடன் 64 லட்சம், கைக்காசு 16 லட்சம். இந்த விலையிலுள்ள புதிய ஃபிளாட்டுக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 7 சதவீதம், அதாவது இன்னொரு 5.6 லட்சம். பத்திரச் செலவுக்கு வங்கி கடன் தராது.

8 சதவீத வட்டி, 20 ஆண்டு என்றால் மாதத் தவணை 53,532 ரூபாய். முதல் மாதத் தவணையில் வட்டிக்குப் போவது மட்டும் 42,667. "எவனுக்கோ அழுவது" என்று பார்த்தால், வீட்டுக்காரருக்கு 22,000 அழுவதற்குப் பதில் வங்கிக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு அழ வேண்டியிருக்கிறது. பராமரிப்புக் கட்டணம் 3,500 ரூபாய் தனி. வாடகை ஆண்டுக்கு 5 சதவீதம் வீதம் ஏறிக்கொண்டே போனாலும், அது தவணைத் தொகையைத் தாண்டுவது இருபதாவது ஆண்டில்தான். அந்த ஆண்டோடு கடனே முடிந்துவிடுகிறது.

கடன் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பார்க்காத கணக்கு ஒன்று உண்டு. பத்து ஆண்டுகள் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டினால், கட்டிய மொத்தத் தொகை 64 லட்சத்தைத் தொட்டுவிடும். வாங்கிய கடனே அவ்வளவுதான். ஆனால் அன்று வங்கியின் கணக்கில் அசல் பாக்கி 44 லட்சம் இருக்கும். காலத்தில் பாதி கழிந்தும் அசலில் மூன்றில் ஒரு பங்குகூடக் கழிந்திருக்காது. இதில் மோசடி எதுவும் இல்லை. எந்த வங்கியும் தவணை அட்டவணையை மறைப்பதில்லை, கேட்டால் அச்சிட்டே கொடுப்பார்கள். பாக்கி அசலுக்கு வட்டி என்பதே இதன் அமைப்பு. ஆரம்பத்தில் பாக்கி பெரிது, அதனால் வட்டியும் பெரிது.

இப்போது வாடகைப் பக்கத்துக்கு வரலாம். வீடு வாங்காத குடும்பம், கைக்காசும் பத்திரச் செலவும் சேர்ந்த அந்த 21.6 லட்சத்தை முதலீடு செய்கிறது. தவணையும் பராமரிப்பும் சேர்ந்த தொகைக்கும் வாடகைக்கும் உள்ள வித்தியாசத்தையும் மாதந்தோறும் சேர்த்துக்கொண்டே போகிறது. ஆண்டுக்கு 8 சதவீதம் கிடைத்தால் 20 ஆண்டு முடிவில் அவர்கள் கையில் சுமார் 2.5 கோடி ரூபாய் இருக்கும். அதற்குச் சமமாக வேண்டுமானால் 80 லட்சம் ஃபிளாட் அன்று 2.5 கோடிக்குப் போக வேண்டும். அதாவது, விலை ஆண்டுக்கு ஏறக்குறைய 6 சதவீதம் ஏற வேண்டும். பணத்தை வைப்புநிதியில் போட்டு வரி போக 6.5 சதவீதம்தான் கிடைத்தது என்றாலும், வீடு ஆண்டுக்கு 4.7 சதவீதம் ஏறினால்தான் கணக்கு சரியாகும். இரு பக்கத்திலும் விற்கும்போது வரும் மூலதன ஆதாய வரியை இதில் சேர்க்கவில்லை.

ஆறு சதவீதம் பெரிய எண்ணா என்று கேட்கலாம். சென்னை உள்ளிட்ட பெருநகரங்களின் பத்திரப்பதிவு விவரங்களை வைத்து ரிசர்வ் வங்கி வெளியிடும் வீட்டு விலைக் குறியீடு 2024-25இல் காலாண்டுக்குக் காலாண்டு காட்டிய ஆண்டு உயர்வு மூன்று, நான்கு சதவீத அளவில்தான் இருந்தது. நாடு தழுவிய சராசரி அது. ஏதோ ஒரு தெருவில் விலை இரட்டிப்பானது நிஜமாக இருக்கலாம். அந்தத் தெருவை முன்கூட்டியே கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

இந்த இடத்தில் பெரியவர்கள் தங்கள் அனுபவத்தை எடுத்துப் போடுவார்கள். 1980களில் மடிப்பாக்கத்திலோ வேளச்சேரியிலோ ஒரு கிரவுண்டு வாங்கிப் போட்டவர்களின் கதை எல்லாக் குடும்பங்களிலும் உண்டு. அந்தக் கதைகள் உண்மையும்கூட. ஆனால் அவர்கள் வாங்கியது மனை. 2,400 சதுர அடி நிலத்தை முழுதாக வாங்கி, சேமநலநிதியில் முன்பணம் எடுத்து, நகையை விற்று, முதலில் ஒரு ஹாலும் சமையலறையும் கட்டிக் குடிபோய், மாடியைப் பத்து வருடம் கழித்து எழுப்பினார்கள். இந்தியாவில் வீட்டுக்கடனுக்கென்றே எச்.டி.எஃப்.சி. நிறுவனத்தை எச்.டி. பாரேக் தொடங்கியது 1977இல். தேசிய வீட்டுவசதி வங்கி வந்தது 1988இல். அந்தத் தலைமுறைக்குப் பெரிய கடன் கிடைக்கவே இல்லை. கிடைத்த காலத்தில் வட்டி கடுமை. 1990களின் நடுவில் அது 15 சதவீதத்தையும் தாண்டியது. கடன் கொஞ்சம், நிலம் நிறைய. அவர்களைச் செழிக்க வைத்தது அந்த நிலம்.

இன்றைய ஃபிளாட்டில் விகிதம் தலைகீழ். 1,100 சதுர அடி வீட்டுக்குப் பத்திரத்தில் வரும் யூ.டி.எஸ்., அதாவது பிரிக்கப்படாத மனைப் பங்கு, பல இடங்களில் அதில் பாதிதான். மாடிகள் கூடக்கூட அது இன்னும் சுருங்கும். கொடுத்த விலையில் பெரும்பங்கு கான்கிரீட்டுக்கும் லிஃப்ட்டுக்கும் வாசலில் இருக்கும் நீச்சல் குளத்துக்கும் போகிறது. இவை ஆண்டுக்கு ஆண்டு தேயும் பொருள்கள். நிலம் மட்டுமே ஏறும். மயிலாப்பூரிலும் பெசன்ட் நகரிலும் நாற்பதாண்டுப் பழைய அடுக்குமாடிகளை இடித்துக் கட்டும்போது உரிமையாளர்களுக்குப் புது வீடு கிடைக்கிறது என்றால், அங்கே ஒவ்வொருவருக்கும் மனைப் பங்கு தாராளம், நிலத்தின் விலையும் எட்டாத உயரம். பதினெட்டு மாடிக் குடியிருப்பில் முந்நூறு வீடுகளில் ஒன்றுக்கு அந்த யோகம் அடிக்கும் என்று எதிர்பார்ப்பது பேராசை. ஃபிளாட் வாங்குகிறவர்கள் விலைக்கு முன் கேட்க வேண்டியது யூ.டி.எஸ். எத்தனை சதுர அடி என்பதை. கேட்பவர்கள் குறைவு. மாதிரி வீட்டில் போட்டிருக்கும் சோஃபாவைப் பார்த்து முடிவு செய்கிறவர்களே அதிகம்.

வரிச் சலுகைக்காக வீட்டுக்கடன் என்பது இன்னொரு பழைய பாடம். ஆடிட்டர்கள் ஓதி ஓதிப் பதிந்துபோன இதற்குக் காலம் முடிந்துவிட்டது. பழைய வரி முறையில் குடியிருக்கும் வீட்டுக்கான கடன் வட்டியில் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம். 2014இல் நிர்ணயித்த அந்த வரம்பு இன்றும் அப்படியே நிற்கிறது. நம் உதாரணக் குடும்பம் முதல் ஆண்டில் கட்டும் வட்டி சுமார் 5 லட்சம். 30 சதவீத வரி கட்டுபவருக்கு 2 லட்சத்தில் மிச்சமாவது 62,400 ரூபாய். புதிய வரி முறையில் அதுவும் இல்லை. குடியிருக்கும் வீட்டின் வட்டிக்கும் கழிவு கிடையாது, அசலுக்கும் கிடையாது. 2023-24 முதல் புதிய முறையே இயல்பான தேர்வு. 2025 பட்ஜெட்டுக்குப் பிறகு 12 லட்சம் வரையிலான வருமானத்துக்கு அதில் வரியே இல்லை. வரி மிச்சத்துக்காகக் கடன் வாங்கு என்று இன்னமும் யாராவது சொன்னால், அவர் எந்த ஆண்டின் கையேட்டைப் படித்துவிட்டு வந்தார் என்று கேட்பது நியாயம்.

வட்டி விகிதத்தின் ஆட்டம் இதைவிடப் பெரியது. 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் வெளி அளவுகோலோடு இணைக்கப்பட்டன. பெரும்பாலான வங்கிகள் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தை, அதாவது அது வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியை, தேர்ந்தெடுத்தன. கொரோனா காலத்தில், 2020 மே மாதம், ரெப்போ 4 சதவீதத்துக்கு இறங்கியது. 2021 பண்டிகைக் காலத்தில் வங்கிகள் 6.7 சதவீதத்துக்கு வீட்டுக்கடன் என்று விளம்பரம் செய்தன. மக்கள் வரிசையில் நின்றார்கள். 2022 மே மாதத்தில் ரெப்போ ஏறத் தொடங்கி, 2023 பிப்ரவரிக்குள் 6.5 சதவீதத்தில் போய் நின்றது. பத்தே மாதத்தில் இரண்டரைப் புள்ளி.

2021இல் 50 லட்சம் கடன் வாங்கியவரின் நிலையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 6.7 சதவீதத்தில், 20 ஆண்டுக்கு, தவணை 37,870 ரூபாய். ஓராண்டு கட்டியபின் பாக்கி ஏறக்குறைய 48.77 லட்சம். கணக்கை எளிமையாக்க, அன்றே வட்டி 9.2 சதவீதமாகிவிட்டது என்று கொள்வோம். அந்த மாத வட்டி மட்டும் 37,389 ரூபாய். தவணை மாறாவிட்டால் அசலுக்குப் போய்ச் சேருவது 480 ரூபாய்ச் சொச்சம். இப்படியே கட்டினால் கடன் தீர இன்னும் 47 ஆண்டுக்கு மேலாகும். முப்பத்தைந்து வயதில் கடன் வாங்கியவர் எண்பது வயதைத் தாண்டியும் தவணை கட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

இது வெறும் காகிதக் கணக்காக நிற்கவில்லை. வட்டி ஏறும்போது தவணையைத் தொடாமல் காலத்தை மட்டும் நீட்டுவது வங்கிகளின் வழக்கமாக இருந்தது. வாடிக்கையாளருக்கு ஒரு குறுஞ்செய்தி வரும், பலர் படிக்கவில்லை. மாதச் செலவு மாறாததால் எதுவும் நடக்கவில்லை என்றே நினைத்தார்கள். காலத்தை அளவுக்கு மீறி நீட்டுவது பற்றி ரிசர்வ் வங்கியே கவலைப்பட்டு 2023 ஆகஸ்ட்டில் புதிய விதிகளை அறிவித்தது. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும். நிலையான வட்டிக்கு மாறும் வாய்ப்பையும் தர வேண்டும் என்று அப்போது சொன்னது. பின்னர் 2025 பிப்ரவரியில் தொடங்கி டிசம்பருக்குள் ரெப்போ 1.25 புள்ளி இறங்கி 5.25 சதவீதத்துக்கு வந்தது. இறங்கியதும் மறுபடி எல்லா இடத்திலும் சிரித்த முகத்தோடு விளம்பரப் பலகைகள் எழுந்துவிட்டன. இருபதாண்டுக் கடனில் இந்த ஏற்றமும் இறக்கமும் ஒருமுறை வந்து போகிற விஷயமல்ல. இரண்டு மூன்று முறையாவது வரும்.

இத்தனைக்கும் பிறகு, வீட்டுக்கடனே வேண்டாம், வாடகையில் இருந்துகொண்டு மியூச்சுவல் ஃபண்டில் போட்டு வா என்று முடிக்கும் யூடியூப் நிபுணர்களோடும் ஒத்துப்போக முடியவில்லை. அவர்களின் கணக்கு முழுவதும் ஒரே ஓர் ஊகத்தின் மேல் நிற்கிறது: 35,000 ரூபாயில் தொடங்கும் வித்தியாசத் தொகையை அந்தக் குடும்பம் இருபது ஆண்டும், ஒரு மாதம் விடாமல், தொடாமல் சேர்க்கும் என்பது அது. தங்கை கல்யாணம், அப்பாவின் மருத்துவச் செலவு, பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், புது கார். எஸ்.ஐ.பி. என்ற மாதாந்திர முதலீட்டை நிறுத்த ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். கடன் தவணையை நிறுத்த முடியாது. கட்டாயத்தால் சேரும் சேமிப்பு கணக்குத் தாளில் மட்டமாகத் தெரியலாம்; நம் குடும்பங்களில் உண்மையாகச் சேர்வது அதுதான்.

வாடகை வாழ்க்கையின் வலியையும் எந்த எக்ஸெல் தாளிலும் நிரப்ப முடியாது. பதினோரு மாத ஒப்பந்தம் முடியும்போதெல்லாம் ஒரு பதற்றம். தனியாக வாழும் பெண்ணுக்கு வீடு இல்லை. அசைவம் சமைப்பவருக்கு இல்லை. பெயரைக் கேட்டதும் "இப்பதான் இன்னொருத்தருக்குச் சொல்லிட்டோம்" என்று கதவு மூடும் தெருக்கள் சென்னையில் குறைந்தபாடில்லை. 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால். அந்த வேறு ஒப்பந்தத்தைத்தான் எல்லோரும் கையெழுத்திடுகிறார்கள். பள்ளியில் பிள்ளையைச் சேர்த்தபின் வீட்டைக் காலி செய்யச் சொன்னால் அந்தக் குடும்பம் எங்கே போகும்? இந்த நிம்மதிக்கு ஒரு விலை கொடுக்கலாம். கொடுப்பது விலை என்று தெரிந்து கொடுத்தால் தவறே இல்லை. முதலீடு என்று நினைத்துக் கொடுப்பதில்தான் சிக்கல்.

வீட்டுக்கடனுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. நடுத்தர வர்க்கத்துக்கு இந்த நாட்டில் கிடைக்கும் மலிவான பணம் இதுதான். தனிநபர் கடனுக்கு வட்டி இதைவிடக் கூடுதல். கிரெடிட் கார்டில் பாக்கி வைத்தால் ஆண்டுக்கு 40 சதவீதத்தை நெருங்கும். ஊர்ப்பக்கம் தனியாரிடம் இரண்டு வட்டி, மூன்று வட்டிக்கு வாங்கி வீட்டுக்குக் கான்கிரீட் போட்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இரண்டு வட்டி என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். அவர்கள் முன்னால் நின்று 8 சதவீத வங்கிக் கடனைக் கொள்ளை என்று சொல்வது அழகல்ல.

கணக்கு உறுதியாகக் கடன் பக்கம் சாயும் இடங்களும் இருக்கின்றன. ஈரோட்டிலோ தஞ்சாவூரிலோ அப்பா விட்டுப்போன மனை இருக்கிறது. கணவன் மனைவி இருவரும் ஆசிரியர்கள். கைக்கு வரும் சம்பளம் சேர்த்து ஒரு லட்சம். அவர்கள் 25 லட்சம் கடன் வாங்கிக் கட்டினால் 8 சதவீதத்தில் இருபதாண்டுத் தவணை 20,911 ரூபாய். பதினைந்து ஆண்டென்றால் 23,891. மாதம் மூவாயிரம் கூடுதலாகக் கொடுத்து, மொத்த வட்டியில் ஏழு லட்சம் மிச்சம் பிடிக்கலாம். நிலம் சொந்தம், தவணை வருமானத்தில் கால் பங்குக்குள். இந்தக் குடும்பத்திடம் போய் வாடகையில் இரு என்று சொல்ல எந்த நியாயமும் இல்லை.

ஆக, வீட்டுக்கடன் லாபமா நட்டமா என்ற கேள்விக்கு விடை கடனின் அளவில் இருக்கிறது. அந்த அளவை இன்று தீர்மானிப்பது யார்? வங்கிப் பிரதிநிதி. சிபில் ஸ்கோரையும் மூன்று மாதச் சம்பளச் சீட்டையும் பார்த்துவிட்டு, "சார், உங்களுக்கு 72 லட்சம் வரைக்கும் எலிஜிபிலிட்டி இருக்கு" என்கிறார். கேட்டவருக்கு மனம் குளிர்ந்துவிடும். அறுபது லட்சத்துக்கு வீடு பார்க்கப் போனவர் தொண்ணூறு லட்சம் வீட்டைப் பார்க்கத் தொடங்குவார். வங்கியின் அந்தத் தொகை, சம்பளத்தில் பாதி வரை தவணைக்குப் போனாலும் பரவாயில்லை என்ற கணக்கிலிருந்து வருவது. வீடு அடமானமாக இருக்கிறது, வங்கிக்குக் கவலையில்லை. மீதிப் பாதியில் வீட்டுச் செலவு, பள்ளிக் கட்டணம், ஊரிலிருக்கும் பெற்றோர் எல்லாம் அடங்குமா என்பது அந்தப் படிவத்தில் எங்கும் இல்லாத கேள்வி.

தவணை, இருவர் சம்பளத்தில் ஒருவர் சம்பளத்தைக் கொண்டே கட்டக்கூடியதாக இருக்க வேண்டும். சென்னை போன்ற ஊரில் இதைவிடக் கறாரான அளவு தேவைப்படாது. இதைவிடத் தளர்வான அளவு ஆபத்து. 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, 12,000க்கும் மேற்பட்டோரைக் குறைப்பதாக அறிவித்தபோது, பழைய மகாபலிபுரம் சாலையின் இருபுறமும் உள்ள குடியிருப்புகளில் எத்தனை வீடுகளில் தூக்கம் போயிருக்கும் என்பதை ஊகிக்கலாம். தவணை 90 நாள் நின்றுபோனால் அது வாராக் கடன். 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் வரும். அதன்பின் நீதிமன்றத்துக்குப் போகாமலேயே வங்கி வீட்டைச் சுவாதீனம் எடுக்க முடியும். நாளிதழ்களின் உள்பக்கங்களில் பெயர், முகவரி, சர்வே எண்ணோடு பொடி எழுத்தில் வரும் சுவாதீன அறிவிப்புகள் எல்லாம் ஒருகாலத்தில் புதுமனை புகுவிழா அழைப்பிதழ் அடித்த வீடுகள்தான்.

கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட்டுக்குக் கடன் வாங்குவது இதைவிடத் துணிச்சல். வாடகை ஒரு பக்கம், வட்டி மறு பக்கம். டெல்லியை ஒட்டிய நொய்டாவில் அம்ரபாலி குழுமத்தின் திட்டங்களில் பணம் போட்ட 40,000க்கும் மேற்பட்டோர் வீடு வராமல் பல ஆண்டு தவித்தார்கள். 2019 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ரெரா எனும் வீட்டுமனைத் துறை ஒழுங்குமுறைச் சட்டத்தில் அந்தக் குழுமத்துக்கு இருந்த பதிவை ரத்து செய்து, மீதிக் கட்டுமானத்தை அரசு நிறுவனமான என்.பி.சி.சி.யிடம் ஒப்படைக்க நேர்ந்தது. வீடு எழும்பாவிட்டாலும் கடன் கடன்தான். தமிழ்நாடு ரெராவில் பதிவு எண் இருக்கிறதா என்று இணையத்தில் பார்க்கப் பத்து நிமிடம் போதும். சம்பளம் நன்றாக வாங்கும் பலர் அந்தப் பத்து நிமிடத்தைச் செலவிடுவதில்லை.

கடன் வாங்கியாகிவிட்டது, இனி என்ன என்று கேட்பவர்களுக்கு வழி அடைபடவில்லை. மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டியே அடைத்தால் தனிநபரிடம் அபராதம் வாங்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012லேயே வங்கிகளுக்கு உத்தரவிட்டுவிட்டது. ஆண்டுக்கு ஒரு தவணை கூடுதலாகக் கட்டினாலே 20 ஆண்டுக் கடன் 17 ஆண்டுக்குள் முடியும். சம்பளம் ஏறும்போது தவணையையும் ஆண்டுக்கு 5 சதவீதம் ஏற்றிக்கொண்டே போனால் பன்னிரண்டே கால் ஆண்டு வாக்கில் தீர்ந்துவிடும். 64 லட்சம் கடனில் மிச்சமாகும் வட்டி 22 லட்சத்துக்கும் மேல். போனஸ் வந்ததும் காரை மாற்றுகிற வழக்கத்தைக் கொஞ்சம் தள்ளிப்போட்டால் நடக்கிற காரியம் இது. கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் மட்டும் முதலில் அதை முடிக்க வேண்டும். 40 சதவீதக் கடனை விட்டுவிட்டு 8 சதவீதக் கடனை அடைப்பதில் பொருளில்லை.

வங்கியோடு பேசவும் வேண்டும். புதிதாக வருபவருக்குக் குறைந்த வட்டி, பழைய வாடிக்கையாளருக்குக் கூடுதல் வட்டி என்பது இந்தத் தொழிலின் வழக்கம். 2019க்கு முன் வாங்கிய கடன் பழைய முறையிலேயே ஓடிக்கொண்டிருக்கலாம். வீட்டுவசதி நிதி நிறுவனங்களை ரெப்போ இணைப்பு விதி கட்டுப்படுத்தவில்லை. ரெப்போ இறங்கியதும் அங்கே தானாக இறங்கிவிடாது. ஒரு சதவீதம் குறைந்தால் 64 லட்சம் கடனில் மாதம் ஏறக்குறைய 4,000 ரூபாய் மிச்சம். அதற்காக ஒரு மனு எழுதிக் கொடுத்து, சிறு மாற்றுக் கட்டணம் கட்டுவதில் நட்டமில்லை. மறுத்தால் கடனையே வேறு வங்கிக்கு மாற்றிக்கொள்ளலாம். கடன் கொடுக்கும்போது ஒரே தவணைக் காப்பீட்டுத் தொகையைக் கடனோடு சேர்த்துவிட்டு "இது கட்டாயம்" என்பார்கள். அப்படி ஒரு விதி கிடையாது. அந்தப் பணத்துக்கும் இருபது ஆண்டு வட்டி ஓடும். கடன் அளவுக்கு ஒரு டேர்ம் பாலிசியைத் தனியாக எடுத்துக்கொள்வது மலிவு.

கடைசித் தவணை கட்டிய அன்றே எல்லாம் முடிந்தது என்று இனிப்பு வாங்கப் போய்விடுகிறார்கள். கடன் முடிந்த 30 நாளுக்குள் மூலப்பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்று 2023 டிசம்பரிலிருந்து விதி இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் கடன் வாங்கும்போது சார்பதிவாளர் அலுவலகத்தில் எம்.ஓ.டி. என்ற அடமானப் பதிவு ஒன்று செய்திருப்பார்கள். வங்கி அலுவலரை அழைத்துப்போய், கடன் தீர்ந்ததற்கான ரசீதையும் அங்கே பதிவு செய்தால்தான் வில்லங்கச் சான்றில் அது தெரியும். செய்யாமல் விட்டால், வீட்டை விற்க நினைக்கும் நாளில், எப்போதோ கட்டி முடித்த கடன் அந்தச் சான்றில் அடமானமாகவே நிற்கும். ரசீது போட்டுத் தர வேண்டிய கிளையோ அதற்குள் வேறொரு வங்கியோடு இணைக்கப்பட்டிருக்கும்.